மூன்றாவது சரணம்

எங்கள் கம்பெனியில் பென்னியை ஒவ்வொரு வருஷமும் புதிதாக வேலைக்குச் சேர்ப்பார்கள். பதினோரு மாதம் முடிந்ததும் கான்ட்ராக்டர் அவனுடைய மஞ்சள் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒரு மாதம் கவரைப்பேட்டையில் வீட்டோடு கிடப்பான். பிறகு புது மஞ்சள் அட்டை, புது நம்பர், புது போட்டோ. இப்படிப் பத்து தடவை புது ஆளானவன் அவன். முதல் போட்டோவில் நெற்றியை மறைத்து முடி விழுந்திருக்கும். பத்தாவதில் நெற்றி எங்கே முடிகிறது என்று தேட வேண்டும்.

நான் ரகு. அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். என்னுடையது நீல அட்டை, பர்மனென்ட். திறமையைப் பார்த்துக் கொடுத்ததில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்காக எங்கள் அப்பாவின் நிலம் போனது, அதற்கு ஈடாக எனக்கு வேலை வந்தது. மெஷின் பக்கமே போகாத எனக்கு நீலம், மெஷினையே கட்டி மேய்த்த பென்னிக்கு மஞ்சள். நான் ஒன்றும் இதில் யோக்கியன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்வது மீன் வைக்கிற நீலப் பிளாஸ்டிக் பெட்டி. பழவேற்காட்டிலிருந்து காசிமேடு வரைக்கும் போகிறது. அதை வார்க்கிற பெரிய மெஷின் இத்தாலியிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து நாலு நாள் இருந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் வருவதெல்லாம் இத்தாலிய மொழி. மொழியை மாற்ற ஏதோ பாஸ்வேர்ட் வேண்டுமாம், அது இத்தாலியிலேயே தங்கிவிட்டது. ஆளை வரவழைக்கலாமே என்று கேட்டதற்கு, ஓடுகிற மெஷினுக்கு எதற்கு வைத்தியம் என்றார் முதலாளி.

ஓடியது, பென்னி ஓட்டியதால். மஞ்சள் அட்டைக்காரர்கள் திரையைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி. மஞ்சள் அட்டைக்காரர்களைத் தவிர அந்தத் திரையைத் தொடத் தெரிந்தவர்கள் கிடையாது என்பது கம்பெனி நிலவரம். ஒவ்வொரு வார்த்தை வரும்போதும் மெஷின் என்ன செய்கிறது, எதை அமுக்கினால் அந்த வார்த்தை போகிறது என்று பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதி எழுதித்தான் பென்னி கற்றுக்கொண்டான். அதற்கு முன்னால் நடந்த கூத்தை நான் பார்த்திருக்கிறேன். திரையில் 'ரிப்பாரோ' என்று வந்தால் போதும், எல்லோரும் ரிப்பேர் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவோம். மெக்கானிக்குக்கு போன் போகும். அவர் வந்து, முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார். கதவு திறந்திருக்கிறது என்று அந்த மெஷின் பாவம் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் பென்னி. அன்றைக்குச் சாயங்காலமே அவன் அதைப் பாட்டாக்கிவிட்டான்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்றால், சர்ச்சிலிருந்து. கவரைப்பேட்டை சர்ச்சில் கிடந்த ஒரு பழைய கிட்டார் அவன் கைக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போகிற பாடகர் கூட்டத்தில் பென்னிதான் தலைவன். ஆனால் அவனுக்குப் பிடித்தது ராக். யாரோ கொடுத்த பென் டிரைவில் இருந்த வெள்ளைக்காரர்களின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடக் கற்றிருந்தான். வீட்டில் ரெஜினா, அவன் மனைவி, அந்தக் குரலைக் கேட்டால் விக்ஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். எங்கள் ஷெட்டில் மட்டும்தான் அந்தக் குரலுக்கு மரியாதை. பம்ப் இரைச்சலில் மெலடி எடுபடாது. கத்திப் பாடினால்தான் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்கும்.

முதல் சரணம் மெஷினை எழுப்புவதற்கு. எண்ணெய் சூடு, பம்ப், கதவு, அச்சு மூடுவது, எல்லாம் எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் வார்த்தைகள். "ஓலியோ சூடாச்சா, பொம்பாவப் போடு, சியூசோ வந்துச்சா, கைய எடு" என்று போகும். ஓலியோ என்றால் எண்ணெய், பொம்பா பம்ப், சியூசோ வந்தால் மூடியாகிவிட்டது. இரண்டாவது சரணம், ஓடும்போது வருகிற கோளாறுகள். பழுதென்று 'குஸ்தோ' வந்தால் என்ன செய்வது, ஆபத்தென்று 'பெரிக்கோலோ' சிவப்பில் மின்னினால் என்ன செய்வது. மூன்றாவது சரணம், மெஷினுக்குள் கையை விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் தாளம் போடுவேன், அவன் பாடுவான், மற்ற மஞ்சள் அட்டைக்காரர்கள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். இரண்டு வாரத்தில் அவர்கள் எல்லோருக்கும் மெஷின் ஓட்ட வந்தது.

உச்சரிப்பு மகா கேவலம். எனக்கு அது தெரியாது, என் அக்கா மகள் போனில் ஒரு ஆப்பை வைத்து எங்களுக்குக் காட்டினாள். 'சியூசோ' இல்லையாம், 'கியூஸோ'வாம். 'குஸ்தோ' இல்லை, 'குவாஸ்தோ'. பெரிக்கோலோவில் நாங்கள் கோவைப் பிடித்து இழுக்கிறோம், அவர்கள் ரியில் அழுத்துகிறார்கள். பென்னி ஒரு நாள் பூராவும் ஒழுங்காகப் பாடிப் பார்த்தான். தாளத்தில் உட்காரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"இத்தாலிக்காரன் கேட்டா சிரிப்பான்டா," என்றேன்.

"எட்டு மணி நேரம் இந்த ஷெட்டுல நின்னா சிரிக்க மாட்டான்," என்றான். "வெள்ளக்காரனே அவன் பாட்டுல இத்தாலி வார்த்தய தப்பாதான் பாடிக்கினு கீறான், யூடியூப்ல கீழ கமெண்ட்ல அவனவன் சண்ட போட்டுக்கினு கீறான் பாரு. அவன் பாடினா ஸ்டைலு, நான் பாடினா தப்பா? மெஷினுக்கு இன்னா காது கீதா?"

மறுநாளிலிருந்து பழையபடியே பாடினான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நீல அட்டை. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரல் ராக் எல்லாம் பாடாது, இறங்கிவிடும். போன வருஷம் ஒரு பேச்சு வந்தது. பெரிய மெஷினுக்கு இரண்டு பேரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று. அவனுக்கு மெஷின் தெரியும் என்பது ஷெட்டுக்குத் தெரியும், மேலே தெரியாது. விதிப்படி அவன் திரையைத் தொடவே இல்லை அல்லவா.

அப்போது ஒரு யோசனை வந்தது. என்னுடைய யோசனை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "ஆயுத பூஜைக்கு முதலாளி வர்றாரு இல்ல, அவரு முன்னாடி பாட்டப் பாடு. மெஷினு நின்னுக்கினுதான் இருக்கும். தொட்டதா ஆவாது. ஆனா உனுக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சிடும்," என்றேன். பென்னிக்கு என் அறிவின் மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மதிப்பு வந்தது.

ஆயுத பூஜை எங்கள் ஷெட்டில் பெரிய விசேஷம். மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். ரெஜினாவும் வந்திருந்தாள். முதலாளி, பிளான்ட் மேனேஜர் ஆதிகேசவன் சார், எல்லோரும் நாற்காலியில். ஐயர் பூஜைக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பென்னி கிட்டாரோடு மெஷின் முன்னால் நின்றான். நான் மீன் பெட்டியோடு கீழே உட்கார்ந்தேன்.

நன்றாகப் பாடினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் எந்தப் பொத்தான் என்று கையால் காட்டிக்கொண்டே பாடினான். முதலாளியின் முகத்தில் முதலில் சிரிப்பு, அப்புறம் சிரிப்பு போய் கவனம் வந்தது. ஆதிகேசவன் சார் எழுந்து வந்து போனில் வீடியோ எடுத்தார். இரண்டு சரணம் முடிந்தது. மூன்றாவதை எடுக்கிறான், ஐயர் கையை உயர்த்திவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மெஷினுக்குக் கற்பூரம் காட்டியாக வேண்டும். "அப்புறம் பாடுப்பா," என்றார் முதலாளி. மணி அடித்தது, பாட்டு நின்றது, பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி பொட்டலம் வாங்கும்போது ஆதிகேசவன் சார் பென்னியின் தோளைத் தட்டி, "பிரமாதம் பா, உன்னை மறக்க மாட்டேன்," என்றார். ரெஜினா அதைக் கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள் என்று பென்னி எனக்குச் சொன்னான்.

சார் மறக்கவில்லைதான். ஜனவரியில் பன்னிரண்டு டிரெயினிகள் வந்தார்கள். டிப்ளமா முடித்த பிள்ளைகள், ஒரு வருஷப் பயிற்சி. அவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே அந்த வீடியோ போனது. ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேரும் பாடினார்கள். பென்னி தப்பாகச் சொன்ன இத்தாலிய வார்த்தையை அவர்கள் இன்னும் கொஞ்சம் தப்பாகச் சொன்னார்கள். 'சியூசோ' அவர்கள் வாயில் 'ஷூசு' ஆனது. மெஷினுக்குக் காது இல்லை, ஓடியது.

அந்த மாதக் கடைசியில் பென்னிக்கும் பெரிய மெஷினில் நின்ற மற்ற மஞ்சள் அட்டைக்காரர்களுக்கும் பதினோரு மாதம் முடிந்தது. கான்ட்ராக்டர் அட்டையை வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் போனது, ஒருத்தருக்கும் புது அட்டை வரவில்லை. பென்னி போய்க் கேட்டதற்கு, "டிரெயினிங்கு பசங்க கீறாங்களே நைனா, இன்னொரு ஆளு எதுக்கு?" என்றாராம்.

பென்னி பொன்னேரியில் ஒரு தண்ணீர் கேன் வண்டியில் ஏறினான். மாடி மாடியாகக் கேன் சுமக்கிற வேலை. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கிட்டார் உறையோடு பீரோ மேல் இருந்தது. ரெஜினா டீ கொடுத்துவிட்டு என்னோடு பேசாமல் உள்ளே போனாள். யோசனை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"மூணாவது சரணம் அந்த வீடியோல இல்லடா," என்றேன். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். "அது உங்கிட்டதான் கீது. அச்சுக்குள்ள பெட்டி மாட்டிக்கினா கைய வுட்டு எடுக்கறதுக்கு யாருக்கும் தெர்ல. எத்தினி நாளு ஓட்டுவானுங்க? உன்ன கூப்ட்டே ஆவணும். கூப்ட்டா, மொதல்ல நீல அட்ட, அப்பறம் பாட்டு. வாயத் தொறந்துடாத."

அவன் டீயைக் கீழே வைத்தான். "கூப்டுவாங்களா?" என்றான். "கூப்டுவாங்க," என்றேன். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கும் என் தப்பைச் சரி செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சரணத்தில் இருந்தது இதுதான். 'ஃபெர்மோ' பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தினாலும் உள்ளே ஒரு உருளையில் எண்ணெய் அழுத்தம் தேங்கி நிற்கும். 'ஸ்கேரிகோ' என்ற பொத்தானை அமுக்கி அதை வெளியே விட வேண்டும். முள் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிற வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை. இல்லையென்றால் நின்றிருக்கிற அச்சு தானாக வந்து மூடும். கதவைத் திறந்தால் எல்லாம் தானாக அணைகிற மாதிரித்தான் இத்தாலிக்காரன் செய்திருந்தான். ஆனால் கதவின் சென்சார் அடிக்கடி மக்கர் செய்கிறதென்று எங்கள் ஆட்கள் இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துவிட்டார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்றே மெஷின் நினைக்கும், அழுத்தம் அப்படியே உள்ளே நிற்கும்.

எனக்கு அந்தச் சரணம் மனப்பாடம். நூறு தடவை தாளம் போட்டவன். எந்தப் பொத்தான் எந்த மூலையில் என்று தெரியாது, ஆனால் வார்த்தை தெரியும். ஏப்ரலில் சோனியா என்கிற டிரெயினி வந்து என்னிடம் கேட்டாள். ஆரம்பாக்கத்துப் பெண், பன்னிரண்டு பேரில் நன்றாக ஓட்டுகிறவள்.

"அண்ணா, நீங்கதான வீடியோல பொட்டி தட்றது? கடசில பாட்டு பாதில அறுந்துபூடுதே, அதுக்கப்பறம் இன்னா?"

"தெரியாதும்மா," என்றேன். "உள்ள மட்டும் கைய வுடாத."

அவ்வளவுதான் சொன்னேன். பென்னிக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, நாஷ்டா முடிந்து வந்த நேரம், அச்சுக்குள் ஒரு பெட்டி கோணலாக மாட்டிக்கொண்டது. சோனியா மெஷினை நிறுத்தினாள், கதவைத் திறந்தாள், பித்தளைக் கம்பியால் நெம்பினாள். அச்சு வந்து மூடியது. கம்பி உள்ளே போய் வளைந்தது. அவள் கை கம்பியின் நுனியில் இருந்ததால் தப்பியது. நான் ஃபோர்க்லிஃப்டில் பத்தடி தூரத்தில் இருந்தேன். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

மத்தியானம் பென்னிக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் இதையும் சொன்னேன்: "இப்ப கூப்டுவாங்க பாரு."

"கை?" என்றான்.

"தப்பிச்சிக்கிச்சி."

"எந்தக் கை?"

"வலது."

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் ஆதிகேசவன் சாரே அவனைக் கூப்பிட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். கேட்டில் கையெழுத்துப் போட்டு, கழுத்தில் 'விசிட்டர்' அட்டை. பத்து வருஷம் வேலை செய்த இடத்தில் விருந்தாளி. அதன் நிறம் பச்சை. மெஷினைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். சார் கையில் போனோடு நின்றார். நான் ஃபோர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டு, சாருக்குப் பின்னாலிருந்து பென்னிக்குக் கண்ணைக் காட்டினேன். கேளு, இப்பக் கேளு என்று.

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு நேராக மெஷினிடம் போனான். கிட்டார் கொண்டுவரவில்லை. கேன் சுமந்து சுமந்து தொண்டையும் வறண்டிருந்தது போலும், குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் கத்திப் பாடினான், பம்பைத் தாண்டிக் கேட்கும்படி. "ஃபெர்மோவ அடி, ஸ்கேரிகோவப் புடி, முள்ளு பூஜ்ஜியம் வர்ற வரைக்கும் மூச்சையும் புடி." ஒவ்வொரு பொத்தானையும் காட்டினான். முள் இறங்குவதைக் காட்டினான். பிறகு சோனியாவைக் கூப்பிட்டு, அவளைச் செய்ய வைத்தான். அவள் பாடிக்கொண்டே செய்தாள். மறுபடி செய்யச் சொன்னான். பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகச் செய்ய வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான். சார் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டார்.

போகும்போது சோனியா அவன் பின்னாலேயே வந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. உங்க வேலயத்தான் நாங்க செய்யறோம்னு சொன்னாங்க. எங்களுக்கும் ஒரு வருசம்தான்ணா, அப்பறம் வேற பேட்ச் வருதாம்," என்றாள். பென்னி தலையை ஆட்டினான்.

சாரிடம் அதற்குப் பிறகுதான் கேட்டான். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். "சார், எனுக்கு எதுனா ஒரு வழி பண்ணுங்க சார்." சார் வீடியோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஹெட் ஆபீஸ்ல சொல்லிப் பார்க்கறேன் பா. என் கையில இல்ல." அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியும் பார்க்க மாட்டார் என்றும் தெரியும். அந்த வீடியோ பென்னி வெளியே வருவதற்குள் குரூப்பில் வந்துவிட்டது. என் போனிலும் அடித்தது.

கேட் வரைக்கும் கூடப் போனேன். அவன் பச்சை அட்டையைக் கழற்றிச் செக்யூரிட்டியிடம் கொடுத்தான். ரோட்டுக்கு வந்ததும் என் பொறுமை போய்விட்டது. எல்லாக் கோபத்தையும் அவன் மேலேயே கொட்டினேன், என் மேல் கொட்ட வேண்டியதையும் சேர்த்து.

"படிச்சிப் படிச்சி சொன்னேனேடா. மொதல்ல கேளு, அப்பறம் பாடுன்னு. உங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். அத்தயும் சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறியே. மொதல்ல கேட்டா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

பென்னி பொன்னேரி போகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினான். அது நிற்காமல் போனது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"மொதல்ல கேட்டு, அவரு இல்லன்னு சொல்லிட்டா? அதுக்கப்பறம் அந்தப் பொண்ணுக்குப் பாடாம என்னால வரமுடியுமா ரகு? அதான் மொதல்லயே பாடிட்டேன்."